மீண்டவர் துணை: மனநலப் பணியில் சக ஆதரவாளர் என்பவர் யார்?

மனநோயிலிருந்து மீண்ட ஒருவர், அதே நோயோடு இப்போது போராடிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பதை முறையான வேலையாகச் செய்தால் அவரைச் சக ஆதரவாளர் என்கிறோம். வெளிநாடுகளில் ‘பியர் சப்போர்ட் ஸ்பெஷலிஸ்ட்’ என்று இதற்குப் பதவிப்பெயரே உண்டு. அவர் மருத்துவரல்ல, உளவியலாளரும் அல்ல. மாத்திரை எழுதித் தர மாட்டார், இன்ன நோய் என்று சொல்லவும் மாட்டார். ஆனால் யாருமில்லாத அறையில் குரல் கேட்டால் எப்படி இருக்கும், புது மாத்திரை தொடங்கிய வாரத்தில் காலையில் எழ உடம்பு எவ்வளவு கனக்கும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபின் தெருவில் இறங்கி நடக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். படித்துத் தெரிந்ததல்ல, பட்டுத் தெரிந்தது.

‘வேலை’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், கோயிலில் பார்ப்பவர் சொல்வார், தொலைபேசியில் மலேசியாவிலிருந்து சித்தப்பா சொல்வார். சக ஆதரவாளர் அவர்களில் ஒருவர் அல்ல. அவர் பயிற்சி பெற்றவர், சம்பளம் வாங்குபவர், தம் பணிக்கு ஒரு மேற்பார்வையாளரிடம் பதில் சொல்பவர். இந்த மூன்றும் இல்லாமல் வெறும் அனுபவத்தை மட்டும் நம்பி ஒருவரை இந்தப் பணியில் இறக்குவது அவருக்கும் ஆபத்து, அவர் பார்க்கப்போகும் மனிதருக்கும் ஆபத்து.

செட்டிநாட்டில் இப்படி ஒருவர் ஏன் வேண்டும்? காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊரை எடுத்தாலும் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் மறு தெருவிலும் இருக்கும் வீடுகள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் அந்த வீட்டில் ஒருவரை ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமல் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, எழுபது வயது ஆச்சி ஒருவரே நாற்பது வயது மகனுக்குச் சோறும் மாத்திரையும் கொடுத்துக்கொண்டு, ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்’ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் நிலையை எண்ணிப் பாருங்கள். ‘எந்த ஊர், எந்தக் கோயில்?’ என்ற இரண்டே கேள்வியில் உறவுமுறையைக் கண்டுபிடித்துவிடும் நகரத்தார் சமூகத்தில் ஒரு வீட்டுச் செய்தி ஒன்பது கோயில் பிரிவினருக்கும் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தால் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.

இது பெரிய வீடுகளின் கதை மட்டுமல்ல. ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவருக்கும், காரைக்குடித் தறியில் கண்டாங்கி நெய்பவருக்கும், சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய்ப் பாதி ஒப்பந்தத்தில் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞருக்கும் இதே நோய் வருகிறது. அவர்கள் வீட்டில் மறைக்க அறை கிடையாது. மறைக்க வேண்டும் என்ற தவிப்பு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது.

அதனால் முதலில் போகும் இடம் மருத்துவமனையாக இருப்பதில்லை. குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவார்கள். ஏர்வாடி தர்காவில் மாதக்கணக்கில் இருப்பார்கள். இந்த நம்பிக்கையைக் குறை சொல்வது சக ஆதரவாளரின் வேலையல்ல. சக ஆதரவாளர்களிலேயே அங்கே தங்கியிருந்தவர்கள் இருக்கலாம். ஆனால் ஏர்வாடியைப் பேசினால் 2001 ஆகஸ்ட் 6-ஐப் பேசாமல் இருக்க முடியாது. அன்று அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். நமக்கு அடுத்த மாவட்டத்தில் நடந்தது அது. பிற்பாடு ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை விதித்தது.

சங்கிலிக்கும் சக ஆதரவுக்கும் பழைய தொடர்பு உண்டு. பாரிஸ் அருகே பிசெத்ர் மருத்துவமனையில் கழுத்துக் காசநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் தேறிய ழான்-பாப்டிஸ்ட் புசின் என்பவர் அங்கேயே பணியில் சேர்ந்து, 1780-களில் மனநோயாளிகள் பிரிவின் பொறுப்பாளர் ஆனார். குணமானவர்களையே பணியாட்களாக வைத்துக்கொண்டார். அவர்கள் அடிக்க மாட்டார்கள், நோயாளியின் வேதனை அவர்களுக்குத் தெரியும் என்பது அவர் கண்டறிந்தது. 1793-இல் அங்கே வந்த மருத்துவர் பிலிப் பினெல் இதைப் பார்த்துப் பாராட்டினார். 1797-இல் அந்தப் பிரிவில் சங்கிலிகளை அகற்றியவர் புசின்தான். புகழ் என்னவோ பெரும்பாலும் பினெலுக்குப் போய்விட்டது.

அதன்பின் நீண்ட இடைவெளி. 1999-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்து சக ஆதரவுப் பணிக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை பெரும்பாலும் தொண்டாக இருந்தது தொழிலாக வளரத் தொடங்கியது. 2007-இல் மற்ற மாநிலங்களும் இப்படிச் செய்யலாம் என்று வழிகாட்டிய அமெரிக்க மத்திய அரசு, மேற்பார்வை இருக்க வேண்டும், சிகிச்சைத் திட்டத்தோடு இணைந்து நடக்க வேண்டும், பயிற்சியும் சான்றும் வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இந்தியாவில் குஜராத்தின் அரசு மனநல மருத்துவமனைகளில் 2014 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் உரிமைசார் திட்டத்தின்கீழ் சக ஆதரவுத் தன்னார்வலர்களைப் பழக்கினார்கள். சக ஆதரவை ஆராயும் ஒரு பன்னாட்டு ஆய்வில் கம்பாலா, தாருஸ்ஸலாம் ஆகிய நகரங்களோடு புனேயும் இடம்பெற்றது.

வரலாறு போதும். வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம், இருபத்தாறு வயது இளைஞர் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் வேலை செய்தபோது, உடன் தங்கியிருந்தவர்கள் தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்ற பயம் வந்து தூக்கம் கெட்டுத் திரும்பி வந்தவர். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருந்து கொடுத்தார்கள். பயம் குறைந்தது. மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் சண்டை. ‘சாப்பிட்டால்தானே சரியாகும்’ என்கிறார் அம்மா. அவர் பதிலே சொல்வதில்லை.

அனுப்பப்பட்ட சக ஆதரவாளர் முதல் நாள் வீட்டுக்குள் போக அவசரப்படுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார். ‘தம்பி, நான் டாக்டர் இல்லை. எனக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு நோய் வந்தது, இப்போது வேலை பார்க்கிறேன். பேச வேண்டும் என்றால் பேசலாம், வேண்டாம் என்றால் அடுத்த வாரம் வருகிறேன்’ என்கிறார். அடுத்த வாரமும் வருகிறார். நாலைந்து வாரம் ஊர்ப்பேச்சோடு போகலாம். பிறகு ஒரு நாள், மாத்திரை சாப்பிட்டால் கை நடுங்குகிறது, மத்தியானம் வரை எழ முடியவில்லை, உடம்பு பெருத்துவிட்டது, அதோடு ஆண்மை சார்ந்த ஒரு குறை, அதை அம்மாவை வைத்துக்கொண்டு டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று இளைஞர் வாய் திறக்கிறார்.

மாத்திரையை நிறுத்தியதற்குக் காரணம் பிடிவாதம் அல்ல என்பது இப்போதுதான் வெளியே வருகிறது. இதற்குத்தான் சக ஆதரவாளர். ‘குறைத்துச் சாப்பிடு’ என்றோ ‘வேறு மாத்திரை கேள்’ என்றோ அவர் சொல்வதில்லை. இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் கேள்விகளை எழுதுகிறார்கள். சேர்ந்து சிவகங்கைக்குப் பஸ் ஏறுகிறார்கள். புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரியும், மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் வாய் அடைத்துப்போனால் தாளை அப்படியே நீட்டிவிடலாம். மருந்தை மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் மருத்துவரின் முடிவு. ஆனால் அந்த முடிவுக்குத் தேவையான செய்தி அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது இந்தத் துணையால்தான்.

பிறகு மெதுவாக மற்றவை. நோய் திரும்புவதற்கு முன்னால் அவருக்கு என்னென்ன அறிகுறி வருகிறது என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடிக்கிறார்கள். ஒருவருக்குத் தூக்கம் குறையும். இன்னொருவர் தொலைபேசியை அணைத்து வைத்துவிடுவார். அப்படி நடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டார் என்ன செய்யக் கூடாது என்று நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கிறார்கள். 2017 சட்டம் இதற்கு ஒரு பலமும் கொடுத்திருக்கிறது. தனக்கு எப்படிச் சிகிச்சை தரலாம், எப்படித் தரக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் வயது வந்த எல்லோருக்கும் உரிமை உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, பாதியில் விட்ட படிப்பைத் தொடர்வது, பட்டறையில் முதலில் அரைநாள் வேலை கேட்டுப் பார்ப்பது என்று பட்டியல் ஆளுக்கு ஆள் மாறும்.

வீட்டாரோடு பேசுவது தனிக் கலை. ‘ஊருக்குத் தெரிந்தால் இளையவளுக்கு மாப்பிள்ளை கிடைப்பானா?’ என்று ஓர் ஆச்சி கேட்டால், ‘அதெல்லாம் கிடைப்பார் ஆச்சி’ என்று மழுப்பக் கூடாது. அவருடைய பயம் நிஜமானது. ‘ஆச்சி, என்னிடம் சொன்னது இந்த வாசலைத் தாண்டிப் போகாது. எங்கள் வீட்டிலும் என் அக்கா கல்யாணத்தின்போது இதே பேச்சு வந்தது. எங்கள் அம்மா என்ன செய்தார்கள் என்று வேண்டுமானால் சொல்கிறேன்’ என்று சொல்லலாம். கேட்டால் மட்டும் சொல்லலாம்.

இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். இந்த வேலையில் மிகக் கடினமானது சொந்தக் கதையைக் கையாள்வதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பயிற்சியின் பெரும்பகுதி இதற்கே போக வேண்டும்.

பட்டவருக்குப் பேச ஆசை இருக்கும். ஆண்டுக்கணக்காக வாயைப் பூட்டி வைத்திருந்தவருக்கு, கேட்க ஒருவர் கிடைத்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிடத் தோன்றும். எதிரில் இருப்பவரோ தம் சுமையையே தாங்க முடியாமல் இருக்கிறார். ஆகவே வாய் திறப்பதற்குமுன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இதை இப்போது சொல்வது யாருக்காக? அவருக்காக என்றால் சொல்லலாம், அதுவும் இரண்டு மூன்று வாக்கியத்தில். எனக்காக என்றால் அதை மேற்பார்வையாளரிடம் கொண்டுபோக வேண்டும். சொல்லி முடித்ததும் பேச்சு அவரிடம் திரும்பிவிட வேண்டும்.

‘எனக்கும் இப்படித்தான் இருந்தது, சரியாகிவிட்டது, உனக்கும் ஆகிவிடும்’ என்பது கேட்க இதமாக இருக்கும். ஆனால் அது தவறு. ஒரே நோய்ப்பெயர் உள்ள இரண்டு பேருக்கு ஒரே வழியில் குணமாவதில்லை. ஒருவருக்கு லித்தியம் என்ற மருந்து கைகொடுத்திருக்கும், அடுத்தவருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒருவரைத் தேற்றியது வேலை, இன்னொருவரைத் தேற்றியது வேலையை விட்டது. ‘எனக்குக் குரல் கேட்ட நாட்களில் இரவுதான் ரொம்ப மோசம். உங்களுக்கு எப்போது அதிகம்?’ என்று கேட்பவர் கதவைத் திறந்து வைக்கிறார். மற்றவர் ஆறுதல் சொல்லிச் சாத்திவிடுகிறார்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர்கள் பலர் இந்தப் பணிக்கு வருகிறார்கள். முயன்றேன் என்று சொல்லலாம், எப்படி முயன்றேன் என்று ஒருபோதும் சொல்லக் கூடாது. எதிரில் இருப்பவரிடம் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ‘வருகிறது’ என்று பதில் வந்தால் அது மட்டும் ரகசியம் ஆகாது. உடனே மேற்பார்வையாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். இப்படித் தெரிவிப்பேன் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்கவும் வேண்டும். இல்லையென்றால் துரோகம் செய்ததாகிவிடும்.

மற்ற எல்லாவற்றுக்கும் ரகசியம் கட்டாயம். மனநலச் சட்டத்திலேயே நோயாளியின் தகவலைக் காக்கும் உரிமை இருக்கிறது. சட்டத்தைவிட நம் ஊர் அளவு இதைக் கடினமாக்குகிறது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் தினமும் தெரிந்த முகம் எதிர்ப்படும். அங்கே இருவரும் சந்தித்தால் என்ன செய்வது? முதல் வாரத்திலேயே பேசி வைக்க வேண்டும். ‘வெளியில் பார்த்தால் நான் முதலில் வணக்கம் சொல்லட்டுமா, வேண்டாமா? கூட இருப்பவர்கள் கேட்டால் என்னை யார் என்று சொல்வீர்கள்?’ சின்ன விஷயம் போலத் தெரியும். இதைக் கேட்காததால் வீட்டுக்கே வர வேண்டாம் என்று நின்றுபோகும் உறவுகள் உண்டு.

பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது. இரவு பதினொரு மணிக்கு வரும் அழைப்புக்கு யார் பதில் சொல்வது என்று குழு முடிவு செய்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அழைப்பார்கள். இந்த மண்ணில் அதை மறுப்பது மரியாதைக்குறைவு, போனால் உறவு வேறாகிவிடுகிறது. ஒரே பதில் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது என்பதால் மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டுச் செய்வது நல்லது. பெண்களிடம் பெண்கள் போவதே பெரும்பாலும் ஏற்றது. தெரு, சாதி பார்த்து உள்ளே விடாத வீடும் இருக்கும். அந்த அவமானத்தைச் சக ஆதரவாளர் தனியாகச் சுமக்கும்படி விடாமல், அதற்கு முகம் கொடுப்பது அவரை அனுப்பிய அமைப்பின் கடமை.

அவருக்கே நோய் திரும்பினால்? திரும்பலாம். அதற்காக வேலை போகக் கூடாது. சர்க்கரை ஏறிய நர்ஸ் விடுப்பு எடுத்துத் தேறி வந்து ஊசி போடுவதில்லையா, அப்படித்தான் இதுவும். ஒருவர் கதை தன் பழைய காயத்தைக் கிளறினால் ‘இந்த வீட்டுக்கு வேறு ஒருவர் போகட்டும்’ என்று சொல்லும் சுதந்திரமும் வேண்டும்.

இதனால் உண்மையில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில்: உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் நெருக்கடிச் சிகிச்சையிலிருந்து வெளியே வந்த 441 பேரிடம் நடந்து 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், சக ஆதரவாளரோடு சேர்ந்து தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளப் பழகியவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி தீவிரச் சிகிச்சைக்குப் போனவர்கள் 29 சதவீதம், மற்றவர்களில் 38 சதவீதம். ஆனால் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களிடம் அங்கேயே பின்னர் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் மறுசேர்க்கை குறையவில்லை. நம்பிக்கை கூடுவதும், தன் வாழ்வைத் தானே நடத்த முடியும் என்ற எண்ணம் வளர்வதும் பல ஆய்வுகளில் தெரிகின்றன. மருந்துக்கு மாற்றாக இதைக் காட்டுபவரை நம்ப வேண்டாம்.

தேவையின் அளவோ பெரியது. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் ஒரு மாநிலம். நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று அது சொன்னது. மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோருக்கு இடம் இருக்கிறது. சக ஆதரவாளருக்கு இடம் இல்லை. சட்டத்தின்கீழ் அமையும் மனநல மறுஆய்வு வாரியங்களில் நோயுற்றவர்களோ பராமரிப்பவர்களோ உறுப்பினராக உட்கார வழிசெய்த நாட்டில், அவர்களைச் சம்பளத்துக்கு வைக்க வழியில்லாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அக்டோபர் 10 மனநல நாளில் மேடையேற்றிக் கதை சொல்ல வைத்துச் சால்வை போர்த்தி அனுப்புவது வேலைவாய்ப்பு ஆகாது. கோப்பு தூக்கவும் வரிசை ஒழுங்குபடுத்தவும் அவர்களைப் பயன்படுத்துவதும் அப்படித்தான்.

இந்தப் பணிக்கு வர நினைப்பவர் முதலில் தமக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். நோய் முழுதாகப் போயிருக்க வேண்டும் என்பதில்லை. தன் அறிகுறியைத் தானே அறிந்து, உதவி கேட்கத் தெரிந்திருந்தால் போதும். பிறர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்டுப் பழகலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட, ஒருவருக்கு ஒருவர் தரும் சக ஆதரவு பற்றிய கையேடும் குழுவாகச் சேர்ந்து நடத்துவது பற்றிய கையேடும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டார் தெரிந்துகொள்ளச் சம்மதிக்கிறார்களா என்பதை முன்கூட்டியே பேசிவிடுவது அவசியம். ஏனென்றால் இந்த வேலையை ஏற்பவர் தம் நோயை ஊரறியச் சொல்கிறார், அந்தச் செய்தி அவர் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

அமைப்பு நடத்துபவர்களுக்கு ஒன்று. ஒருவரை மட்டும் தனியே நியமிக்காதீர்கள், இருவரையாவது நியமியுங்கள். மருத்துவமனைக் கூட்டத்தில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் ஆறு மாதத்தில் நோயாளியாகவே நடத்தப்படுவார், அல்லது டாக்டர் போலப் பேசத் தொடங்கிவிடுவார். வாரம் ஒருமுறை மேற்பார்வை, எழுத்தில் பணி வரையறை, பஸ் கட்டணம் தனியாக, மாதம் பிறந்தால் சம்பளம். இவை இல்லாமல் தொடங்க வேண்டாம்.

இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதியில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.